ஒரு குமிழுக்குள் ஓர் இயற்பியல் பாடம்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியின் நிறைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். தூக்கம் வரும் நேரம். அதற்காகத்தான் இந்த மின்கிதாரைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் வாசிக்கப் போவதில்லை. இதில் இருக்கும் ஒரே ஒரு குமிழைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள குமிழ். 'வால்யூம்' என்றால் எல்லோருக்கும் புரியும். நானும் அப்படியே சொல்கிறேன்.

முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி ஆண்டு விழா. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கிதார் வாசிக்கப் பெயர் கொடுத்திருந்தான். தேவாலயத்தில் வாசிக்கப் பழகியவன். உறவினர் ஒருவரின் கிதாரும் சிறிய ஆம்ப் ஒன்றும் கொண்டுவந்தான். ஆம்பை மேடைத் தரையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று வாசிக்கத் தொடங்கினான். முதல் வரிசையில் எங்கள் வளாகத்திலேயே உள்ள தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் நிமிடத்திலேயே பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு குழந்தை அழத் தொடங்கியது. நான் கையைக் காட்டினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தான். மேடை ஏறிப்போய் ஆம்பின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டேன்.

கூட்டம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. கிதாரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். ஒரு வாரம் என் வகுப்பில் தலை நிமிரவில்லை. பிறகு ஒரு நாள் ஆய்வகத்தில் அவனே வந்து நின்றான். "சார், வால்யூமைக் குறைச்சா சத்தம் மட்டும் குறையல சார். அந்தக் கூர்மையும் சேர்ந்து போயிடுது. போர்வைக்குள்ள வாசிக்கிற மாதிரி ஆயிடுது. அதான் முழுசா வெச்சேன். ஏன் சார் அப்படி ஆகுது?" என்று கேட்டான்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மின்னியல் நடத்துகிறேன். இளவயதில் மெல்லிசைக் குழுவில் நானே கிதார் வாசித்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. அவன் திமிரில் சத்தம் வைத்தான் என்று நான் நினைத்திருந்தேன். அவனுக்கோ ஓர் இயற்பியல் காரணம் இருந்தது. அதைத் தேடிப் போனபோது கற்றவற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கேட்கவில்லை என்பதில் தொடங்கிய கருவி

மின்கிதார் பிறந்ததே 'கேட்கவில்லை' என்ற குறையால்தான். 1920-களில் அமெரிக்க நடனக் குழுக்களில் ஊதுகருவிகளின் ஓசைக்கு நடுவே கிதார் எடுபடவில்லை. அதற்குத் தீர்வு தேடிய ஜார்ஜ் பீச்சாம் என்ற இசைக் கலைஞர் 1931 வாக்கில் காந்தத்தையும் கம்பிச்சுருளையும் கொண்ட ஒரு 'பிக்கப்பை' உருவாக்கினார். அதைப் பொருத்திய கிதாரை ரிக்கன்பேக்கர் நிறுவனம் 1932-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வட்டமான உடலும் நீண்ட கழுத்தும் கொண்ட அதற்கு 'வாணலி' என்றே பட்டப்பெயர்.

பிக்கப்புக்குள் நடப்பது நாம் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் நடத்தும் பாடம்தான். காந்தத்தின்மேல் எஃகுத் தந்தி இருக்கிறது. தந்தியும் காந்தமாக்கப்படுகிறது. அது அதிரும்போது கம்பிச்சுருளின் ஊடே செல்லும் காந்தப்பாயம் மாறுகிறது. மாறினால் மின்னழுத்தம் தூண்டப்படும். 1831-இல் ஃபாரடே கண்டது. தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஏழாயிரம், எட்டாயிரம் சுற்றுகள் சுற்றியும் கிடைப்பது ஏறத்தாழ ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குதான். நைலான் தந்தி போட்டால் அதுவும் கிடையாது. மாணவர்களிடம் 'ஏன்?' என்று கேட்டுப் பாருங்கள். தூண்டல் பாடம் புரிந்ததா என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

இந்தச் சிறு மின்னழுத்தம் ஆம்புக்குப் போகும் வழியில் உட்கார்ந்திருக்கிறது நம் குமிழ். அதனுள் குதிரை லாட வடிவில் ஒரு கரித்தடம். தடத்தின் இரு முனைகளில் இரண்டு கால்கள். தடத்தின்மேல் வழுக்கி நகரும் ஒரு தொடுமுனை. அதற்கு மூன்றாவது கால். பிக்கப்பிலிருந்து வரும் மின்னழுத்தம் முழுத் தடத்தின் குறுக்கே விழுகிறது. தொடுமுனை எங்கே நிற்கிறதோ அந்த அளவுக்கு ஒரு பங்கு மட்டும் வெளியே போகிறது. தொடர் இணைப்பில் மின்னழுத்தம் மின்தடைக்கு ஏற்பப் பிரியும் என்று கரும்பலகையில் போடுகிறோமே, அதேதான். மின்கிதாரில் வழக்கமாக இரண்டரை லட்சம் ஓம் அல்லது ஐந்து லட்சம் ஓம் தடம் இருக்கும்.

பாதி திருப்பினால் பாதி சத்தமா?

இங்கே ஒரு சிக்கல். தடத்தின் நடுவில் தொடுமுனையை நிறுத்தினால் மின்னழுத்தம் பாதியாகும். காதுக்குச் சத்தம் பாதியாகுமா? ஆகாது. நம் செவி கூட்டல் கணக்கில் கேட்பதில்லை. பெருக்கல் கணக்கில் கேட்கிறது. சத்தம் ஏறத்தாழ பாதியாகத் தோன்ற வேண்டுமென்றால் 10 டெசிபல் குறைய வேண்டும். அதாவது திறன் பத்தில் ஒரு பங்காக வேண்டும். மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் குறைவது 6 டெசிபல்தான்.

ஆகவே சீரான தடம் உள்ள குமிழைக் கிதாரில் போட்டால் பத்திலிருந்து ஐந்துவரை திருப்பியும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒன்றுக்கும் சுழிக்கும் இடையில் சட்டென்று அணைந்துபோகும். இதற்காகவே மடக்கைத் தடம் என்று ஒன்று செய்கிறார்கள். அதில் குமிழைப் பாதி திருப்பினால் மின்தடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் தொடுமுனைக்குக் கீழே இருக்கும். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு என்றால் 20 டெசிபல் குறைவு. காதுக்குத் திருப்பம் சீராக இருக்கும். சென்னை ரிச்சி தெருவில் குமிழ் வாங்கினால் அதன்மேல் 'ஏ' என்றோ 'பி' என்றோ எழுத்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இப்போது வரும் பெரும்பாலானவற்றில் ஏ என்றால் மடக்கை, பி என்றால் சீரானது.

மடக்கை எதற்கு சார் என்று மாணவர்கள் கேட்கும்போது நாம் நிலநடுக்கத்தையும் அமிலத்தன்மையையும் சொல்கிறோம். இனி இந்தக் குமிழையும் சொல்லலாம். அது கைக்குள் அடங்கும்.

இதே கணக்கு இன்னொரு மயக்கத்தையும் தீர்க்கும். 100 வாட் ஆம்ப் 50 வாட் ஆம்பைவிட இரண்டு மடங்கு சத்தம் போடும் என்று நினைக்கிறோம். வித்தியாசம் 3 டெசிபல்தான். காது அதைக் கொஞ்சம் கூடுதல் என்றுதான் உணரும். குமிழில் எழுதியுள்ள எண்ணும் அப்படித்தான். 1984-இல் வந்த 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' என்ற நகைச்சுவைப் படத்தில் ஒரு கிதார் கலைஞர் தன் ஆம்பின் குமிழ்களில் பதினொன்று வரை எண் இருப்பதைப் பெருமையாகக் காட்டுவார். எண்ணைக் கூட எழுதிவிட்டால் ஒலி கூடிவிடாது என்பது அவருக்குப் புரியாது. அளவீடு, அலகு பாடத்துக்கு நல்ல தொடக்கம் அது.

கூர்மை எங்கே போகிறது?

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். கிதாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிக்கிறது. ஆனால் அந்தத் தந்திக்கு உரிய கூர்மையும் மினுமினுப்பும் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையுள்ள மேற்சுரங்களில் இருக்கின்றன. கிதாரையும் ஆம்பையும் இணைக்கும் கம்பி வெறும் கம்பி அல்ல. நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் பின்னல், இடையில் காப்புப்பொருள். இரு கடத்திகளும் நடுவில் காப்புப்பொருளும் இருந்தால் அது மின்தேக்கி. மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோ ஃபாரட். ஆறு மீட்டர் கம்பியில் 600.

மின்தேக்கி உயர் அதிர்வெண்ணுக்கு எளிதாக வழிவிடும். ஆகவே கூர்மையான ஒலிகள் அதன் வழியாக நழுவித் தரைக்குப் போகப் பார்க்கின்றன. குமிழ் முழுதாகத் திறந்திருக்கும்போது இடையில் மின்தடை குறைவு, இழப்பும் குறைவு. குமிழைக் குறைத்தால் தடத்தின் ஒரு பகுதி பிக்கப்புக்கும் கம்பிக்கும் இடையே வந்து நிற்கிறது. மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்தால் ஒரு வடிகட்டி. இரண்டரை லட்சம் ஓம் தடத்தின் நடுவில் தொடுமுனை நின்றால், கணக்குப்படி ஏறத்தாழ 4200 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளவை தேயத் தொடங்குகின்றன. ஐந்து லட்சம் ஓம் என்றால் 2100 ஹெர்ட்ஸிலேயே தொடங்கிவிடும். 'போர்வைக்குள்ள வாசிக்கிற மாதிரி' என்றானே, அந்தப் போர்வை இதுதான்.

தீர்வும் எளியது. குமிழின் உள்வரும் காலுக்கும் தொடுமுனைக் காலுக்கும் குறுக்கே ஒரு சிறிய மின்தேக்கியைப் பற்றவைத்தால் போதும். ஆயிரம் பிக்கோ ஃபாரட். அதன்மேல் 102 என்று அச்சிட்டிருக்கும். சில ரூபாய் விலை. குமிழைக் குறைக்கும்போது கூர்மையான ஒலிகள் இந்தக் குறுக்குவழியில் ஆம்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆய்வகத்தில் அவனே பற்றவைத்தான். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் அவனிடமே கற்றேன். ராக் இசைக்காரர்கள் கரகரப்பான ஒலிக்காகவே ஆம்பை அதன் எல்லைக்கு மேல் தள்ளுவார்கள். அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுச் சமமாகும். அந்த நிலையில் கிதாரின் குமிழைப் பத்திலிருந்து ஏழுக்குக் கொண்டுவந்தால் சத்தம் அவ்வளவாகக் குறையாது. கரகரப்பு நீங்கி ஒலி தெளியும். ஆகவே கிதாரின் குமிழ் வெறும் சத்தத்தை மட்டும் ஆள்வதில்லை, குணத்தையும் ஆள்கிறது.

அழுத குழந்தை

இப்போது அழுத குழந்தைக்கு வருகிறேன். ஆண்டு விழாவில் அவன் ஏன் அவ்வளவு சத்தம் வைத்தான்? கூர்மை மட்டும் காரணமல்ல. ஆம்ப் தரையில் இருந்தது. உயர் அதிர்வெண் ஒலி எல்லாப் பக்கமும் பரவாமல் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே கற்றையாகப் போகும். அந்தக் கற்றை அவன் முழங்காலை உரசிக்கொண்டு நேராகப் போய் முதல் வரிசைக் குழந்தைகளின் முகத்தில் விழுந்தது. அவன் காதுக்கு மந்தமாகவும் குழந்தைகளுக்குக் குத்தலாகவும் ஒரே நேரத்தில் ஒரே ஒலி. அவன் இருந்த இடத்தில் நான் இருந்தாலும் குமிழைக் கூட்டித்தான் இருப்பேன்.

பெரிய மேடைகளின் கதையும் இதுவே. 1965-இல் நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் ஐம்பத்தைந்தாயிரம் பேருக்கு முன் பீட்டில்ஸ் வாசித்தபோது கூட்டத்தின் கூச்சலில் அவர்களுக்கே அவர்கள் வாசித்தது கேட்கவில்லை. ஆம்புகள் பெரிதாகிக்கொண்டே போயின. 1976-இல் லண்டனில் 'தி ஹூ' குழுவின் நிகழ்ச்சியில் 32 மீட்டர் தொலைவில் 126 டெசிபல் பதிவாகி, கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. பிறகு செவிகளுக்குக் கேடு என்று அந்தச் சாதனைப் பிரிவையே கின்னஸ் நிறுத்திவிட்டது. அக்குழுவின் கிதார் கலைஞர் பீட் டவுன்செண்ட் தன் செவித்திறன் குறைந்ததையும் காதில் ஓயாத இரைச்சலையும் பற்றி வெளிப்படையாகப் பேசியவர்.

அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனத்தின் பரிந்துரை இது: 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு மணி, இப்படியே போனால் 100-க்குப் பதினைந்து நிமிடம்தான். உள்செவியில் உள்ள மயிரணுக்கள் இறந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. மெல்லிசைக் குழுவில் எட்டு ஆண்டுகள் டிரம்ஸுக்கும் ஆம்புக்கும் நடுவில் நின்றவன் நான். சில ஆண்டுகளாகக் கடைசி வரிசையில் ஒரு மாணவி பதில் சொன்னால் "வாயைத் திறந்து சொல்லும்மா" என்று அதட்டுவது என் வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் அவள் தோழி எழுந்து, "சார், அவ சத்தமாத்தான் சொன்னா. எங்களுக்குக் கேட்டுச்சு" என்றாள். அன்று மாலையே செவிப் பரிசோதனைக்குப் போனேன். வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம். இரைச்சலால் வரும் பாதிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும் என்றார் மருத்துவர்.

உயிரெழுத்துகளின் வலிமை தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. க, ச, ட, த, ப ஆகியவற்றின் வெடிப்பும் உராய்வும் மேலே இருக்கின்றன. அந்தக் கூர்மை போனால் படம், தடம், கடம் மூன்றும் ஒன்றாகக் கேட்கும். குரல் கேட்கும், சொல் புரியாது. அந்த மாணவன் கிதாரில் பட்ட அதே போர்வை என் காதில் இருக்கிறது. இதற்கு மின்தேக்கி பற்றவைக்க முடியாது. நான் அதட்டியது அவள் தவறுக்காக அல்ல, என் காதுக்காக. அவளிடம் அதைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். இப்போது நான் கடைசி வரிசைக்கு நடந்து போய்க் கேட்கிறேன். நம் வகுப்புகளிலும் 'கவனிப்பதில்லை', 'சொன்னது ஒன்று எழுதுவது ஒன்று' என்று நாம் முத்திரை குத்திய குழந்தைகளில் சிலருக்கு இந்தப் போர்வை இருக்கலாம். ஒரு முறை செவிப் பரிசோதனைக்கு அனுப்பிப் பாருங்கள்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, தொடக்க வகுப்புகளுக்கு. கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலியை இறக்கிக்கொண்டு வகுப்பறை, சத்துணவுக் கூடம், விளையாட்டு மைதானம் மூன்றிலும் அளக்கச் சொல்லுங்கள். எண் துல்லியமாக இராது, ஒப்பிடப் போதும்.

இரண்டாவது, நடுநிலை வகுப்புகளுக்கு. 6பி போன்ற மென்மையான பென்சிலால் தாளில் ஒரு பட்டையை அழுத்தித் தீட்டச் சொல்லுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை ஓரத்தில் வைத்து, மறு முனையை நகர்த்தினால் நீளத்துக்கு ஏற்ப மின்தடை கூடும். அடுத்து, போகப் போகக் குறுகும் பட்டை ஒன்றைத் தீட்டுங்கள். இப்போது மின்தடை சீராகக் கூடாது. மடக்கைத் தடத்தின் கருத்து தாளிலேயே கிடைத்துவிடும்.

மூன்றாவது, ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு. பத்தாயிரம் ஓம் குமிழ்கள் இரண்டு, ஏ ஒன்று, பி ஒன்று. வெளிக்கால்களில் 1.5 வோல்ட் மின்கலம். காலாகக் காலாகத் திருப்பி நடுக்காலின் மின்னழுத்தத்தை அளந்து வரைபடம் வரையட்டும். ஒன்று நேர்கோடு, மற்றொன்று வளைவு.

நான்காவது, ஆண்டு விழாவுக்கு. ஆம்பை நாற்காலியில் வைத்து, வாசிப்பவர் காதை நோக்கிச் சற்றே சாய்த்து வையுங்கள். கிதாரின் குமிழை முழுதாகத் திறந்து, அந்த நிலையில் ஒலி மிகாதபடி ஆம்பை அமைத்துவிட்டு, கிதாரில் ஏழுக்கு இறக்கிக்கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். தேவைப்படும்போது கூட்ட இடம் இருக்கும். கம்பியைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் குமிழ் சுழியில் இருக்கட்டும். சிறு குழந்தைகளை ஒலிபெருக்கிக்கு நேரே உட்கார வைக்காதீர்கள். திறந்த வெளியில் தொலைவு இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி கல்வி நிறுவனத்தைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படக்கூடியது. பகலில் அதற்கு வரம்பு 50 டெசிபல். நாமே அதை மறந்துவிடக் கூடாது.

இந்த ஆண்டு விழாவில் அந்த மாணவனை மறுபடி வாசிக்கக் கேட்டேன். தயங்கினான். மேடையில் முதலில் நான் பேசி, சென்ற ஆண்டு மின்கம்பியைப் பிடுங்கியது என் அவசரம் என்று எல்லோர் முன்பும் சொன்ன பிறகுதான் ஏறினான். ஆம்ப் நாற்காலியில் இருந்தது. குமிழ் ஏழில் இருந்தது. முதல் வரிசையில் யாரும் காதைப் பொத்தவில்லை. அழுத குழந்தை இப்போது இரண்டாம் வகுப்பு, கையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்தவனிடம், "கூர்மை இருந்துச்சாப்பா?" என்று கேட்டேன். "இருந்துச்சு சார். உங்களுக்குக் கேக்கலையா?" என்றான்.

எனக்குக் கேட்கவில்லை. அவன் சொன்னதை நம்பிக்கொண்டேன்.